பதினாலாம் நம்பரும் நானும்

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா என்னைச் சொல்வார். சொல்லட்டும். ஞாயிறு பூசையில் முழங்காலிடுவதும் எழுந்து நிற்பதும் எனக்குக் கஷ்டமே இல்லை. பிரசங்கத்துக்கு உட்காரும்போதுதான் தொடை துடிக்கும். ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடைக்கு மேல் எங்கள் வீடு. கீழே குழாய் அறுக்கிற சத்தம், பக்கத்துக் காற்பந்து அரங்கத்தில் ஆட்டம் நடக்கிற நாட்களில் கூட்டத்தின் சத்தம். எழுபதுகளில் பெண்கள் காற்பந்துக் குழு ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் நின்றேன். முழங்கால் போகும்வரை ஆடினேன். அது போனபிறகு ஒரு கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும், கூடவே பெண்கள் குழுவின் துணைப் பயிற்றுவிப்பாளர் வேலையும் கிடைத்தன.

அந்தத் 'துணை'யைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஒரு சீனர், அதே கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியர். நல்ல மனிதர், கோபப்படவே தெரியாதவர். அதுதான் எனக்குக் கோபம். யார் ஆடுவது, யாரை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அவர் வேலை. பந்துக்குக் காற்றடிப்பது, ஆரஞ்சு நறுக்குவது, சுளுக்குக்கு ஐஸ் வைப்பது, மாற்று ஆட்டக்காரர்களைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடவிட்டு உடம்பைச் சூடேற்றுவது என் வேலை. ஆட்டத்தின்போது அவர் மட்டும்தான் கத்தலாம். அவரோ கத்தமாட்டார். நான் வாயை மூடிக்கொண்டு கோட்டோரமாக நடப்பேன், போவேன், வருவேன். மிஸ் நடக்கிற இடத்தில் புல் முளைப்பதில்லை என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

மாற்று ஆட்டக்காரர்களில் ஒருத்தி தேக்கா சந்தையில் காய்கறி விற்பவரின் மகள். சட்டையில் பதினாலு. குழுவில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. பயிற்சியில் வலது ஓரமாக அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. ஆட்டத்தில் எப்படி ஆடுவாள் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவளை ஒருமுறைகூட இறக்கியதில்லை. சனிக்கிழமைதோறும் நானும் அவளும் கோலுக்குப் பின்னால் ஓடுவோம். அவள் வேர்த்துப்போய், காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு தயாராக நிற்பாள். நான் தலைமைப் பயிற்றுவிப்பாளரைப் பார்ப்பேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டுவார். அவளைக் கூட்டிவந்து மறுபடி பெஞ்சில் உட்காரவைப்பேன். திரும்பத் திரும்பச் சுடவைத்து, பரிமாறாமலே இறக்கிவைக்கிற சாம்பார் மாதிரி இருந்தது அவள் கதை.

"ஒரே ஒரு நாள் டீம என் கையில குடுக்கட்டும், மொத ஆளா அவளத்தான் எறக்குவேன்," என்பேன் வீட்டில்.

"மொதல்ல நீ உக்காந்து சாப்பிடு," என்பார் அம்மா.

இப்படியே எண்பதுகளின் பாதி வந்துவிட்டது. அந்த வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்திய ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா என்னை நிறுத்தினார். சுவா சூ காங் பக்கம் புதிதாகத் திறந்திருந்த கல்லூரியில் அவர் துணை முதல்வர்.

"எங்க காலேஜ்ல பொண்ணுங்க டீம் ஆரம்பிக்கிறோம். ஹெட் கோச்சா வர்றியாம்மா? அடுத்த திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடு. இல்லன்னா வேற ஆள் பாக்கணும் லா." வீட்டு டெலிபோன் நம்பரையும் கொடுத்தார்.

இத்தனை வருடம் எதற்காகப் புலம்பினேனோ அது தானாக வந்து எதிரே நின்றது. நானோ, "சனிக்கிழமை கடைசி மேட்ச் இருக்கு, யோசிச்சுச் சொல்றேங்க," என்றேன். அந்த வாரம் யோசித்ததெல்லாம் சாக்குகள். அந்தப் பக்கம் அப்போது பாதி பண்ணைகள்தான். பஸ் மாறிப் போக வேண்டும், காற்று திரும்பினால் பன்றிக் கொட்டகை வாடை வரும். அம்மா தனியாக இருப்பார். இங்கே நான் இல்லாவிட்டால் பந்துக்குக் காற்றடிப்பது யார்? வீட்டில் இருக்க முடியாமல் சாயங்காலமானால் சிராங்கூன் சாலையில் போய் நடந்தேன். மறுபடி மறுபடி என்னைப் பார்த்த பூக்கடைக்காரர், "என்னம்மா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை கல்லூரி வேனில் மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். ரேடியோவில் பாட்டு நின்று அறிவிப்பு வந்தது. கட்டாய ராணுவச் சேவை முடித்தவர்களைத் திடீரென்று திரும்ப அழைத்துப் பார்க்கிற ஒத்திகை அது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு சங்கேதப் பெயர் உண்டு. தன் பிரிவின் பெயரைக் கேட்டவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு முகாமுக்கு ஓட வேண்டும். அறிவிப்பாளர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். ஒரு பெயருக்கு எங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அலாமாக்," என்று பதறினார். வேனை நிறுத்தச் சொல்லி இறங்கினார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். "யூ டேக் ஓவர் லா."

டாக்சி பிடித்துப் போயே போய்விட்டார்.

எதிரணி ஒரு வங்கியின் குழு. முதல் பாதியிலேயே நாங்கள் ஒரு கோல் போட்டுவிட்டோம். எனக்கோ நடை ஓட்டமாகிவிட்டது. கத்தலாம் என்று ஆனபிறகு என்ன கத்துவதென்று தெரியவில்லை. ஒரு தடவை, "பின்னாடி ஆள் வருது," என்று எதிரணிப் பெண்ணையே எச்சரித்துத் தொலைத்தேன். இடைவேளையில் எங்கள் கேப்டன் ஆரஞ்சைச் சப்பிக்கொண்டே சொன்னாள்.

"மிஸ், நீங்க ஓடுறதப் பாத்தா எங்களுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் உக்காருங்க லா."

உட்கார்ந்தேன். பக்கத்தில் பதினாலு. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவளிடம், "வார்ம் அப் பண்ணு. எறக்கப்போறேன்," என்றேன்.

அவள் எழவில்லை. "இப்ப வேணாம் மிஸ்."

"ஏன்?"

"ஜெயிச்சுக்கிட்டு இருக்கோம். நான் போய்க் கெடுத்துட்டா? அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம்."

"அடுத்த மேட்ச் ஏது உனக்கு? இதோட காலேஜ் முடியுது."

"பரவால்ல மிஸ். எனக்கு இங்கயே பழகிப்போச்சு."

கோபம் தலைக்கேறியது. உனக்காக நான் எத்தனை சனிக்கிழமை வயிறெரிந்தேன் தெரியுமா என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவள் சொன்னதைத்தான் நானும் வாரம் முழுக்க சிராங்கூன் சாலையில் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸும் பன்றி வாடையும் அம்மாவும் சும்மா. தலைமை என்று ஒருவர் இருக்கும்வரை, என்னிடம் கொடுத்திருந்தால் கிழித்திருப்பேன் என்று பேசிக்கொண்டிருக்கலாம். கொடுத்துவிட்டால் என் லட்சணம் தெரிந்துவிடும். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"வா, நானும் வர்றேன்," என்று எழுந்தேன். கோலுக்குப் பின்னால் ஓடினோம். அது எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த வேலை. பந்து வெளியே போனதும் நடுவருக்குக் கை காட்டினேன். கோட்டருகே வந்த பதினாலு திரும்பி, தலைமைப் பயிற்றுவிப்பாளர் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தாள். அங்கே ஆரஞ்சுத் தோல்தான் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். போ என்று தலையாட்டினேன். போகவில்லை. முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டேன்.

முதலில் வந்த பந்தை வெளியே உதைத்தாள். அடுத்த பந்தைக் காலுக்கடியில் விட்டாள். அதை எடுத்துக்கொண்டு போன வங்கிப் பெண் கோல் போட்டாள். ஆட்டம் சமமானது. எங்கள் பெஞ்சில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வலது ஓரமாக அவள் இரண்டு முறை, பயிற்சியில் ஓடுகிற அதே ஓட்டம் ஓடினாள். கோல் எதுவும் விழவில்லை. விசில் ஊதிவிட்டார்கள்.

சேறும் வேர்வையுமாக வந்து நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"கெடுத்துட்டேன் மிஸ்."

"ஆமா, கெடுத்துட்ட."

"இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருக்கலாம் மிஸ்," என்றாள்.

மைதானத்துக்கு வெளியே காப்பிக் கடையில் காசு போட்டுப் பேசும் டெலிபோன் இருந்தது. திங்கள்வரை விட்டுவைத்தால் மறுபடி சாக்கு தேட ஆரம்பித்துவிடுவேன். காசைப் போட்டு நம்பரைச் சுழற்றினேன். அந்தத் துணை முதல்வர் அம்மாவே எடுத்தார்.

"நான் வர்றேங்க," என்றேன்.

"ரொம்ப சந்தோஷம்மா. இன்னைக்குக் கடைசி மேட்ச்னு சொன்னியே, ஜெயிச்சீங்களா?"

"இல்லைங்க. ஜெயிக்க வேண்டியது, டிரா ஆயிடுச்சு. ஒரு பொண்ண மாத்தினதுல கோல் விழுந்துடுச்சு."

"அடடா. மாத்தினது யாரு, உங்க ஹெட் கோச்சா?"

"நான்தாங்க," என்றேன்.