சுகர் இல்லை, கோபம்தான்

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து துவைத்து முடித்த படுக்கை விரிப்புகளை, நீராவி உருளையில் கொடுத்துத் தேய்த்தெடுக்கும் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. நாளெல்லாம் ஆவிக்கு நடுவே நிற்பதால் அந்தப் பெயர் வந்ததா, கோபம் வந்தால் ஆளைப் பிடித்து ஆட்டிவிடுவாள் என்பதால் வந்ததா என்பது அங்கே இன்னும் தீராத வழக்கு.

சர்க்கரை நோய் வந்து பல வருஷம் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டாள். மாத்திரை கைவிட்டதும் டாக்டர் இன்சுலின் எழுதிக் கொடுத்தார். படுக்கும்போது ஒரு ஊசி, அது போக மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் பதினாலு யூனிட்.

"டயத்துக்குப் போடுங்க, டயத்துக்குச் சாப்பிடுங்க. அவ்வளவுதான்," என்றார், கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமலே. என்ன வேலை, எப்போது சாப்பிடுவாள், எவ்வளவு சாப்பிடுவாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சலவைக்கூடத்தில் டயம் என்பது லாரி வருகிற நேரம். ஒரு நாள் மதியம் ஓய்வறையில் ஊசியைப் போட்டுக்கொண்டு அவள் டப்பாவைத் திறக்கவும் மேலாளர் தலையை நீட்டவும் சரியாக இருந்தது.

"லோடு வந்துடுச்சும்மா. இதை மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுச் சாப்பிடுங்க."

"ஊசி போட்டுட்டேன் சார்."

"பத்து நிமிஷ வேலைதானே?"

பத்து நிமிஷம் முக்கால் மணி நேரமாக நீண்டது. கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்தது. அந்த அறையில் வியர்க்காத ஆளே கிடையாது என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை. திடீரென்று கையிலிருந்த விரிப்பைத் தரையில் வீசி, மேலாளரைப் பார்த்து என்னென்னவோ கத்தினாள். பிறகு அதே விரிப்பின் மேல் சரிந்து உட்கார்ந்தாள். உருளைக்கு அந்தப் பக்கம் நின்று விரிப்புகளை மடித்து அடுக்கும் மடிப்புக்காரிதான் ஓடிவந்து, தன்னிடமிருந்த ஜூஸை அவள் வாயில் ஊற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

"உடம்பை நீங்கதானேம்மா பாத்துக்கணும்," என்றார் மேலாளர். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல இருந்தது. டாக்டரிடம் போனால், "டயத்துக்குச் சாப்பிடச் சொன்னேனே," என்று அவரும் பழியை அவள் தலையிலேயே கட்டினார். விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்த நாத்தனார் சமையலறையையே கையில் எடுத்துக்கொண்டாள்.

"சோத்துப் பக்கமே போகாதே. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சோத்தை விட்டாரு, சுகர் ஓடியே போச்சு."

"அண்ணி, நான் ஊசி போடுறவ."

"ஊசி ஒரு பக்கம் இருக்கட்டும். வாயைக் கட்டணும்."

வாயைக் கட்டினாள். ஊசியை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. மறுநாள் கீரையும் முட்டையும் சாப்பிட்டுவிட்டு அதே பதினாலு யூனிட். பாத்திரம் கழுவும்போது கண் இருட்டியது. இந்த முறை சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தது புருஷன். பள்ளி வேன் ஓட்டுகிறவர், பதறாத மனுஷன், அன்றைக்கு டம்ளரில் பாதியைத் தரையில் சிந்திவிட்டார்.

அதிலிருந்து அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வேன் பெட்ரோலுக்கு வைத்திருந்த பணத்தைப் புருஷன் தன் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்ததைக் கேட்டால், "சுகர் இறங்கிடுச்சா?" உருளையின் பெல்ட் தேய்ந்துபோய்ப் பல நாள் ஆகிறது, ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், மேலாளர் மேஜை டப்பாவிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டுவார். நியாயமாகக் கோபப்படும் உரிமைகூடப் பறிபோய்விட்டது. அந்த மிட்டாயை அவர் மண்டையிலேயே எறியலாமா என்று அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

அந்த ஆத்திரத்தோடுதான் ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவு நர்ஸ் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"சிஸ்டர், நான் தினம் ஒரே மாதிரி சாப்பிடுறதில்லை. ஊசி மட்டும் எதுக்குத் தினம் ஒரே அளவு?"

நர்ஸ் பேனாவை மூடி வைத்தாள். "இதைத்தான் முதல்ல பேசியிருக்கணும். நாளைக்கு உங்க மதியச் சாப்பாட்டை அப்படியே கொண்டு வாங்க."

மறுநாள் நர்ஸ் டப்பாவிலிருந்த சோற்றை ஒரு கப்பில் அளந்தாள். சோறு, ரொட்டி, கிழங்கு, பழம், பால் இதெல்லாம் சர்க்கரையை ஏற்றும், கீரையும் முட்டையும் அவ்வளவாக ஏற்றாது என்றாள். ஏற்றுகிற சாப்பாட்டுக்குத் தகுந்தபடிதான் ஊசி. அவள் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் பதிவான அளவுகளையெல்லாம் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "இந்த டப்பாவுக்கு எட்டு யூனிட் போதும்மா. பதினாலு போட்டா, இதே மாதிரி இன்னும் முக்கால் டப்பா சேத்துச் சாப்பிடணும்."

"அப்போ இத்தனை நாளா?" அழுகை மாதிரி ஆரம்பித்து அது கோபமாகத்தான் வெளியே வந்தது. "நான் சரியாத்தானே போட்டேன்! சொன்னதைத்தானே செஞ்சேன்! ஆளாளுக்கு என்னையே திட்டினாங்களே!"

நர்ஸ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு எழுந்துபோய் டாக்டரிடம் புதிய கணக்குக்குக் கையெழுத்து வாங்கி வந்தாள்.

கணக்கு லேசில் வசப்படவில்லை. மீட்டருக்காகச் சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் ஒரு குத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குத்து. விரல் நுனியெல்லாம் புண். ஒரு நாள் பழ ஜூஸ்தானே என்று கணக்கில் சேர்க்காமல் குடித்தாள். மீட்டர் இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. ஆத்திரத்தில் உடனே இன்னொரு ஊசி போட்டாள். முதல் ஊசியும் இரண்டாவதும் சேர்ந்துகொண்டு அவளைத் தரைக்கு இழுத்தன. "போட்ட ஊசி வேலை பாத்து முடிக்கவேண்டாமா? அதுக்குள்ள மேல மேல போட்டா?" என்று நர்ஸ் திட்டினாள். அவள் கேட்டுக்கொண்டாள். திட்டு நியாயமாக இருந்தால் அவளுக்குக் கோபம் வராது.

ஆனால் ஒன்றை மட்டும் முதல் நாளிலிருந்தே தவறவில்லை. தட்டு கண்ணெதிரே வந்து உட்கார்ந்த பிறகுதான் ஊசியைத் தொடுவாள்.

அப்படி ஒரு மதியம் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபோது மேலாளர் வந்தார். அதே லாரி, அதே பத்து நிமிஷம்.

"முடியாது சார். சாப்பிட்டுட்டுத்தான் வருவேன். எங்க பிரிவுல யாருமே சாப்பிடாம வரமாட்டாங்க. லாரி நிக்கட்டும். அதுக்கொண்ணும் மயக்கம் வராது."

ஓய்வறையில் சிரிப்பு கிளம்பியது. மேலாளர் முகம் கறுத்தது. சட்டைப் பையில் கையை விட்டு மிட்டாயை எடுத்தார். "முதல்ல இதைப் போட்டுக்கங்க. அப்புறம் பேசலாம்."

அவள் மீட்டரை எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க விரலைக் குத்தி, எண் வந்ததும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். நூற்று இருபத்தாறு.

"நல்லா பாத்துக்கங்க சார். சுகர் சரியாத்தான் இருக்கு. இது கோபம். நீங்க பண்றதப் பாத்து வர்ற கோபம். இதுக்கு மிட்டாய் கிடையாது."

மடிப்புக்காரி தன் டப்பாவைத் திறந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் திறந்தார்கள். மேலாளர் மிட்டாயைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். லாரிக்காரர் வெளியே ஹாரன் அடித்து அலுத்துப்போய், வண்டியை அணைத்துவிட்டுத் தானும் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாளிலிருந்து முறை வைத்துச் சாப்பாட்டு நேரம் வந்தது. அதற்குப் பிறகு மேலாளர் அவளிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் மடிப்புக்காரி வழியாகச் சொல்லியனுப்பினார். பெல்ட்டையும் மாற்றவில்லை. அதற்கு இன்னொரு சண்டை பாக்கி இருந்தது.

மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி எடுத்தபோது, மாத்திரைக் காலத்தைவிட அளவு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டர் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"பரவாயில்லையே! நல்லா பண்ணியிருக்கீங்க."

"சார், இந்தக் கணக்கை ஏன் முதல் நாளே சொல்லலை?"

அவர் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "எல்லாருக்கும் இது சரிப்படாதும்மா. உங்களுக்குப் புரியாதுன்னு நினைச்சேன்."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவர் கேட்டுப் பார்க்கவில்லை. அது இருவருக்கும் தெரியும். மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்து பையை வைக்கும் முன்பே ஆரம்பித்தாள். "புரியாதாம்! எத்தனை தடவை விழுந்திருப்பேன், அந்தச் சூட்டு உருளை மேல ஒரு தடவை விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்? புரியாதாம்ல எனக்கு!" சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே பேசினாள். புருஷன் சுகரைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவள் மூச்சு வாங்க நின்ற இடைவெளியில் மெதுவாகக் கேட்டார்.

"சாப்பாடு எடுத்து வைக்கவா, இல்ல கோபம் தீர்ந்ததும் சாப்பிடுறியா?"

"அது இப்போதைக்குத் தீராது," என்றபடி ஊசிப் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நீங்க வைங்க. சோறு எவ்வளவுன்னு பாத்துட்டு ஊசி போட்டுக்கிட்டு மிச்சத்தைச் சொல்றேன்."