ஜிம்மிக்குக் கருவாடு கூடாது

அண்ணை தொண்டைமானாற்றில் வள்ளமேறி இந்தியாவுக்குப் போனபோது, தன் நாய் ஜிம்மியை எங்களிடம் விட்டுப்போனார். போய்ச் சேர்ந்த சேதி வரவில்லை. வரும் என்றிருந்தோம்.

ஜிம்மி மட்டும் இருக்க மாட்டேனென்றது. விடிந்ததும் மானிப்பாய்ச் சந்திவரை ஓடி, போகிற வருகிற சைக்கிள்களையெல்லாம் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பும். வீதியில் ஆமி ஜீப்புகள் ஓடிய காலம் அது. துப்பாக்கிச் சூடுபட்டுச் சாகப்போகிறதென்று அப்பா அதைக் கிணற்றடித் தென்னையில் கட்டிப்போட்டார்.

கட்டிய இடத்தில் அது சலம் போகாது. பின்னேரம் அவிழ்த்துவிடும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கும். நாங்கள் போட்டதோ பழஞ்சோறும் கருவாட்டுத் தலையும். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தால் நிமிர்த்திவைக்க ஒருவருக்கும் நினைவு வராது. சில மாதங்களில், வேலியோரம் காலைத் தூக்கியபடி நெடுநேரம் நின்று முக்கத் தொடங்கியது. ஒருநாள் மண்ணில் விழுந்த துளிகள் சிவப்பாயிருந்தன. கத்திக்கொண்டு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அப்பா அதைச் சாக்கில் சுற்றிப் பெட்டியொன்றில் வைத்துச் சைக்கிள் கரியரில் கட்டினார். என்னை முன்பாரில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிவரை உழக்கினார். அங்கே மிருகவைத்தியர் குழாய் விட்டு அடைப்பை எடுத்தார். குறுமணல்போலக் கற்கள் வந்தன.

"அடக்கி அடக்கித்தான் கல்லு வந்திருக்கு. அடிக்கடி அவிட்டு விடுங்கோ. சோத்தை நல்லாத் தண்ணி விட்டுக் கரைச்சு வையுங்கோ. கருவாட்டைக் கண்ணிலையும் காட்டாதேங்கோ. இன்னொருக்கா அடைச்சால் தப்பாது" என்றார் அவர்.

அப்பா ஓம் ஓம் என்று தலையாட்டினார். அதுவரை 'உந்த நாய்' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி அதை அழைத்திராதவர், அன்றிலிருந்து தானே சோறு கரைத்தார். சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு வயற்கரைக்குக் கூட்டிப்போனார். அது சலம் போகும்போது குனிந்து நிறம் பார்த்தார். அம்மா சிரித்தால், "மோன் வந்து கேட்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?" என்பார். ஜிம்மி தேறிவிட்டது.

பிறகு ஒரு பின்னேரம் தொண்டைமானாற்றிலிருந்து ஒருவர் வந்தார். படலையடியில் நின்றே அப்பாவோடு மெல்லிய குரலில் கதைத்தார். உள்ளே வராமலே போய்விட்டார். அப்பா படலையைச் சாத்தினார். பிறகு குசினிக்குள் போய், அம்மா பொரித்து வைத்திருந்த கருவாட்டைச் சட்டியோடு எடுத்துவந்து ஜிம்மியின் முன் வைத்தார்.

"அப்பா, டொக்டர் கூடாதெண்டவரெல்லோ!"

"திண்ணட்டும்."

அம்மா பின்னாலேயே வந்தாள். "உங்களுக்கென்ன விசரோ? பாடுபட்டுச் சுகப்படுத்தின நாயை..." அப்பாவின் முகத்தைக் கண்டதும் அவள் குரல் தணிந்தது. "ஆர் வந்தது? என்ன சொன்னவர்?"

"அந்த வள்ளம் அக்கரை சேரேல்லையாம்."

அம்மா நின்ற இடத்திலேயே நிலத்தில் இருந்துவிட்டாள். அப்பா தென்னையில் சாய்ந்துகொண்டார். அன்றைக்குச் சேராத வள்ளம் இன்னொரு நாள் சேராதா, அதற்கேன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஜிம்மி சட்டியை வழித்து நக்கிக்கொண்டிருந்தது. இத்தனை உப்புக்குத் திரும்பவும் கல்லடைத்துவிடும் என்ற பயத்திலும், பெரியவர்கள் இருவரும் அதை மறந்துவிட்டார்களே என்ற கோபத்திலும், நான் கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளி அதன்முன் வைத்துக்கொண்டேயிருந்தேன்.