தந்தி வேண்டாம் என்றேன்

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் நன்றாக இருந்தது. அருவியில் குளித்துவிட்டு நடுங்கி நிற்பவர்களைப் படமெடுத்தே என் பொழுது போயிற்று. தென்காசியில் ஸ்டூடியோ, குற்றாலத்தில் சீசன். வீட்டில் மட்டும் நான் இருப்பதில்லை. அதைக் கேட்டதற்கு ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை எடுத்து முற்றத்தில் வீசினேன். மறுநாள் மனைவி நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்க் கூப்பிட்டிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை.

அப்போதுதான் கொழும்பில் கடை வைத்திருந்த ஊர்க்காரர் ஒருவர், தம் மகள் கல்யாணத்தைப் படமெடுக்க என்னை அழைத்தார். கடல் தாண்டிப் படமெடுக்கப் போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

புறப்படும்முன் செங்கோட்டைக்குப் போனேன். மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பாயில் கிடந்தவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். தொட்டேன்; சுட்டது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு, "இப்பம் போய்த்தான் ஆவணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒரு வாரந்தான்" என்றேன்.

மச்சினன் ரயிலடி வரை வந்தான். கொழும்பு விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் தந்தி என்றாலே சாவுதான். கல்யாண வீட்டு வாசலில் தந்திக்காரன் வந்து நின்றால், பிரித்துப் படிக்கும் முன்பே பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். பெரிய மனிதர் வீட்டில் அப்படியொரு அபசகுனம் என்னால் வரவேண்டாம் என்று நினைத்தேன்.

"எதுன்னாலும் கடுதாசி போடு மாப்ளே. தந்தி கிந்தி அடிச்சிராத. கல்யாண வீடு."

"சரி அத்தான்" என்றான். சொன்னதை அப்படியே செய்கிறவன்.

கொழும்பில் எனக்கு ராஜ உபசாரம். யார் யார் வீட்டுக் குழந்தைகளையோ வரிசையாக நிறுத்தி, "இங்கன பாருங்க, அசையாதீங்க" என்று கொஞ்சினேன். கடிதம் வரவில்லை, அதனால் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கல்யாணம் முடிந்ததும், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கடற்கரையில் நிறுத்தி எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டு நாள் கூடத் தங்கினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

திரும்பியதும் நேரே செங்கோட்டைக்குத்தான் போனேன். மச்சினன் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"முந்தாநாள் அடக்கம் பண்ணிட்டோம் அத்தான். டைபாய்டுன்னு டாக்டர் சொன்னாரு."

உள்ளே மனைவி உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் பெட்டியையும் காமிராவையும் பார்த்துவிட்டு, "படமெல்லாம் நல்லா வந்துட்டா?" என்று கேட்டாள்.

பத்து நாள் கழித்து, கொழும்புக்குப் போன கடிதம் விலாசம் திருத்தப்பட்டு ஸ்டூடியோவுக்கு வந்தது. மச்சினன் கையெழுத்து. மகள் உயிரோடு இருந்தபோது எழுதியது.

"அத்தான், பிள்ளை உங்களையே கேட்டுக்கிட்டு கெடக்கா. இன்னும் நாலு நாள் பாக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. ஒடனே பொறப்பட்டா வந்துரலாம். அக்கா தந்தி அடிக்கச் சொல்லி அழுதா. நீங்க வேண்டாம்னு சொன்னதால அடிக்கல."