சீட்டில் இல்லாத பேர்

கொப்பித் தாளை நீளவாக்கில் மடித்துக் கிழித்தால் ஓர் அர்ச்சனைச் சீட்டு வரும். கண்டியில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அதை எழுதுவது என் வேலை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். மாமியாருக்கு எழுதத் தெரியாது. வெற்றிலையைத் துடைத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டே பேரும் நட்சத்திரமுமாகச் சொல்லுவார். முதல் வரியில் அவர் பேர், ரோகிணி நட்சத்திரம். அப்புறம் மாமனார், பிள்ளைகள், கடுகண்ணாவையில் கட்டிக்கொடுத்த மகள், அவள் வயிற்றுப் பேரன்கள். "அவ்ளோதான், மடி" என்பார். என் பேர் வராது.

ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "அத்தை, என் பேரு?" என்று கேட்டேன்.

"நட்சத்திரம் இல்லாதவளுக்கு என்னான்னு அர்ச்சனை பண்றது? ஒங்க ஆத்தாவக் கேட்டுட்டு வா."

நான் தெல்தெனியப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவள். பிறந்த நேரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. கேட்டு வர அம்மாவும் உயிரோடு இல்லை. மாமனார் பிடிவாதமாக முடித்த சம்பந்தம் என்பதால் அத்தைக்கு என்னைக் கண்டாலே ஆகாது. என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அதுதான் அதிகம் வலித்தது. பெற்றவளும் இல்லை, கட்டினவரும் பேசவில்லை. சாமிக்கும் நான் இருப்பது தெரியாமலே போய்விடுமோ என்று பயந்தேன். இன்றைக்கு நினைத்தால் பைத்தியக்காரத்தனம். அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன்.

அத்தைக்கு முழங்கால் பிடித்துக்கொண்ட ஒரு வெள்ளிக்கிழமை, தட்டோடு நான் தனியே கோயிலுக்குப் போனேன். குருக்கள் யாழ்ப்பாணத்துக்காரர். சீட்டைப் படித்துவிட்டு, "இதில உங்கட பேர் எங்க பிள்ளை?" என்றார். நட்சத்திரம் தெரியாது என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். "அதுக்கென்ன? தெரியாத ஆக்களுக்குச் சாமின்ர நட்சத்திரத்தையே சொல்லுறனாங்கள். முருகனுக்கு விசாகம். பேரைச் சொல்லுங்கோ."

எல்லாருக்கும் பிறகு என் பேரும் விசாகமும் கருவறையிலிருந்து கேட்டன. யாரும் எனக்குக் குறித்து வைக்காததை முருகன் தன்னுடையதிலிருந்தே எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது. மணிச்சத்தத்தில் நான் அழுதது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து விபூதியை நீட்டினேன்.

"எல்லாருக்கும் சொன்னாரா?"

"சொன்னாருங்க அத்தை."

"யாரும் விட்டுப்போகலியே?"

"யாரும் விட்டுப்போகல."

அத்தை மாறவில்லை. கடைசிவரை என் பேரை எழுதச் சொல்லவும் இல்லை. ஆனால் அதன்பின் அந்த "மடி" என்னைச் சுடவில்லை. அவர் படுக்கையில் விழுந்தபோது குளிப்பாட்டி, ஊட்டிவிட்டேன். என் குணத்தைச் சொல்லி யாராவது பாராட்டினால் கூச்சமாக இருக்கும். முருகனிடம் நிறைய வாங்கியிருந்தேன், அதில் கொஞ்சம் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இன்றும் சீட்டு நான்தான் எழுதுகிறேன். கடைசியில் என் பேர், விசாகம். முதல் வரி அத்தையுடையது. இறந்தவர்களுக்கு அர்ச்சனை இல்லை என்று தெரியும். இருந்தாலும் அந்த இடத்தில் வேறு பேர் எழுதக் கை வருவதில்லை. ஒரு வரியை வெறுமையாக விட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன். முருகன் வாசித்துக்கொள்வான்.