அலையும் மனசுக்காரர் வேலையிழந்த வரலாறு

நம் கதாநாயகர் தையல்காரர். ஒரு சட்டையின் இரண்டு கைகளையும் இடது கையாகவே தைத்துக் கொடுத்த சாதனையாளர். துணியை வெட்டும்போது அவர் மனசு, ஒட்டகத்துக்குக் கொட்டாவி வருமா என்ற விசாரணையில் இருந்தது. நாற்பத்தெட்டு வயது வரை இதற்காக ஏச்சு வாங்கியவரை, மூளை ஆய்வுக்கூடம் ஒன்று மரியாதையாக அழைத்து நாற்காலி போட்டது.

மனசு அலையும்போது மூளையில் சில இடங்கள் சுறுசுறுப்பாகிவிடும். தியானம் பழகியவர்களுக்கு அவை அடங்கிக் கிடக்கும். ஒப்பிட்டுப் பார்க்க, தியானம் பழகாத மூளை ஒன்று வேண்டுமாம். தையல்காரர் தலையில் கம்பித் தொப்பியை மாட்டியதும் திரையில் கோடுகள் குதியாட்டம் போட்டன.

"இப்படி ஒரு அலைச்சல நான் பாத்ததே இல்லைங்க" என்றார் ஆய்வாளர் அம்மா.

பிறந்ததிலிருந்து கிடைத்த முதல் பாராட்டு. இந்த நாற்காலி போனால் மறுபடி வெறும் மறதிக்காரர்தான் என்பது அவருக்குத் தெரியும்.

வேலை சுலபம். கண்ணை மூடிச் சும்மா இருக்க வேண்டும். திடீரென்று மணி அடிக்கும். அந்த நொடியில் மனசு எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். பதவி வந்தால் பொறுப்பும் வருமல்லவா? கௌரவமான பதில் சொல்ல வேண்டுமே என்று, மனசு போகிற இடமெல்லாம் பின்னாலேயே காவலுக்குப் போனார். மனைவியும் தன் பங்குக்குத் தினமும் கவலை கட்டிக் கொடுத்தார்.

"குழாய் ஒழுகுது, உங்க தங்கச்சி பேசறதில்ல, மாடிப்படி ஆடுது. மூணையும் கலந்து நினைங்க."

ஆறாவது வாரம் கோடுகள் படுத்துவிட்டன.

"என்னங்க பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அது எங்க போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கூச்சப்பட்டு உக்காந்துடுச்சு."

"அதுக்குப் பேருதான் தியானம். இனிமே உங்கள வச்சு ஒப்பிட முடியாதே."

"இன்னொரு தடவை பாருங்கம்மா, அலைஞ்சு காட்டறேன்."

அலைய வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அரைமணி நேரம் உட்கார்ந்தார். கம்பி கழன்றுவிட்டதோ என்று ஆய்வாளர் இரண்டு முறை தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, வருத்தத்தோடு வழியனுப்பினார்.

மனசு அடங்கிய குற்றத்துக்காக வேலை போன செய்தியை வீட்டில் சொன்னார். மனைவி புலம்ப ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டார் தையல்காரர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தன் வாக்கியம் ஒன்று கடைசிவரை கேட்கப்படுவது இதுவே முதல்முறை என்பதால், மனைவி மிரண்டு பாதியில் நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை மனைவியே ஆய்வுக்கூட வாசலில் போய் நின்றார்.

"இவர் மனச எப்படிக் கட்டிப் போட்டீங்களோ, அப்படியே அவுத்து விடுங்கம்மா. வீட்ல பேச பயமா இருக்கு."

அந்தத் துறையில் இன்னும் ஆராய்ச்சி தொடங்கவில்லை என்று ஆய்வாளர் அம்மா வருத்தம் தெரிவித்தார்.