கொழும்பு மூன்று மணி நேரம்

என் அம்மாவின் தம்பி ரகுபதிக்கு வாழ்க்கைப்பட்டவள் பவுனம்மாள். காசிமேட்டில் அவளைப்போல மீன்கூடை தூக்கினவளும் கிடையாது, வஞ்சம் வைத்தவளும் கிடையாது. கூடப்பிறந்தவன் ஒரே அண்ணன், தண்டபாணி. கொழும்பில் கருவாட்டு மண்டி வைத்திருந்தான்.

நாற்பத்தொன்பது சித்திரையில் இவர்களுடைய ஆத்தா முத்தம்மா செத்தாள். தந்தி கொடுத்தோம். வருகிறேன், வைத்திருங்கள் என்று பதில் வந்தது. ஒரே பிள்ளை, அவன்தானே கொள்ளி போடவேண்டும். மீனுக்கு உடைக்கிற ஐஸை வாங்கிவந்து பரப்பி, அதன்மேல் கிழவியைக் கிடத்தினோம். உருகுகிற தண்ணீரை இரண்டு நாளும் பவுனம்மாள்தான் சட்டியில் வாரி வெளியே கொட்டினாள். அண்ணன் வரவில்லை. மூன்றாம் நாள் ரகுபதி மாமாவே கொள்ளி போட்டார். ரயிலும் கப்பலும் மாறி வர இரண்டு ராத்திரி ஆகிறது, தலைமன்னாரில் கப்பலைத் தவறவிட்டேன் என்று பிற்பாடு கடிதம் வந்தது. பவுனம்மாள் நம்பினாள்.

கல்மண்டபத்தில் டாக்சி ஓட்டிய கமால் அவளை அக்கா என்று கூப்பிடுவான். கருமாதிக்கு வந்தவன், வீட்டில் மாட்டியிருந்த தண்டபாணியின் படத்தைப் பார்த்துத் திகைத்து நின்றான். ஆத்தா செத்த ஐந்தாம் நாள் இதே ஆளை மீனம்பாக்கத்தில் ஏற்றி மண்ணடி லாட்ஜில் இறக்கியிருக்கிறான். கருவாட்டுப் பேரத்துக்கு வந்தானாம். நானூற்றுச் சொச்சம் மைல், பறந்தால் மூன்றே மணி நேரம் என்று வண்டியில் பெருமையடித்தானாம்.

பவுனம்மாள் அழவில்லை. அண்ணனுக்கு எப்போதும்போலப் பிரியமாகவே கடிதம் எழுதச் சொன்னாள்.

ஐம்பத்திரண்டில் அவள் மகள் பச்சையம்மா பெரியவளானாள். தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்டி, புடவையும் மாலையும் கொடுத்தால்தான் எங்களில் சடங்கு நடக்கும். வெள்ளிக்கிழமை, ராகுகாலத்துக்கு முன்னால் என்று தந்தி போயிற்று. விமானத்தில் வருகிறேன், காத்திருங்கள் என்று பதில் வந்தது. தான் வராமல் எவன் ஓலையைத் தொடுவான் என்கிற நினைப்பு அவனுக்கு.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, தென்னை ஓலையோடு கமால் வந்தான். அவன் அம்மா சாபிரா புடவையும் மாலையும் கொண்டுவந்தாள். சொந்தக்காரக் கிழவிகள் முணுமுணுத்தார்கள்.

"பவுனு, மாமன் வந்துகினு கீறான். செத்த நேரம் பொறுத்துக்கோ."

"மாமன் வந்துட்டான். நீ பந்தல்ல குந்து," என்று கமாலைக் காட்டினாள் பவுனம்மாள்.

பத்தேகாலுக்குள் எல்லாம் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பட்டுப்புடவையும் ஆளுயர மாலையுமாகத் தண்டபாணி வந்து இறங்கினான். மாலை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தான். ஓலைக் குடிசையைப் பார்த்தான். அவன் முகம் கறுத்தது.

"இன்னா பவுனு இது? நான் வரதுக்குள்ள எவன் கட்னது?"

"மூணு மணி நேரத்துல வர ஆளு நீ. ஆத்தாவுக்கு ரெண்டு நாள் காத்தேன். அதோட நான் காத்துகினு கெடக்கறது தீந்துபோச்சு."

அவன் மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"ஐஸுல வெய்யிண்ணே. ரெண்டு நாளு தாங்கும். எனுக்குத் தெரியும்."

யாரும் அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. வந்த டாக்சியிலேயே திரும்பினான்.

ஐம்பத்தெட்டில் பவுனம்மாள் காமாலையில் செத்தாள். கொழும்புக்குத் தந்தி கொடுக்கக்கூடாது என்று முன்பே என் அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். கொடுக்கவில்லை. அவள்மேல் போர்த்தவேண்டிய பிறந்த வீட்டுக் கோடிப் புடவை, கமால் வீட்டிலிருந்து வந்தது.