அண்ணனின் வலது கால்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுதும் வேலையை எல்லோருமாகச் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுக்குகிறது. ‘இன்ன ஊரில் இன்னாருக்கு மூத்த மகனாகப் பிறந்தார்’ என்றுதானே இப்படிப்பட்ட கட்டுரைகள் தொடங்கும்? அந்த ஒரு வரிதான் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. அவருக்கு நார்வேயில் ஒரு பெயர், எங்கள் வீட்டில் ஒரு பெயர். எதைப் போடுவது என்பதிலும் குழப்பம். எனவே அண்ணன் என்றே எழுதிப் போகிறேன்.

தெரிந்ததைச் சொல்கிறேன். கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நெல் நிலம் உண்டு. நான் பிறப்பதற்கு முன்பு ஒரு வருடம் மழையும் இல்லை, அப்பாவும் காசநோயில் படுத்துவிட்டார். அம்மா தன் முதல் பிள்ளையைச் சென்னையில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார். அப்பா எழுந்து நடமாடியதும் அழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். போய்க் கேட்டபோது, வெளிநாட்டில் ஒரு நல்ல குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எந்த நாடு என்று அவர்களும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் கேட்கத் தெரியவில்லை. அப்பா கடைசிவரை அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அண்ணன் வளர்ந்தது நார்வேயில் கடலோரத்து ஊர் ஒன்றில். வளர்த்த அப்பாவுக்கு மீன் ஆலையில் வேலை, வளர்த்த அம்மா பள்ளி ஆசிரியை. பிள்ளைப் பிராயத்திலேயே கால்பந்தில் இறங்கி, அதையே தொழிலாகக் கொண்டு, முட்டி தேய்ந்துபோகும் வரை ஆடினார். அதன் பிறகுதான் பெற்றவளைத் தேடி இந்தப் பக்கம் வந்தார். இல்லத்தில் அவருக்குக் கிடைத்தது இரண்டே தகவல். கவரைப்பேட்டைப் பக்கம் என்பது ஒன்று. அம்மாவின் பெயர் இன்னொன்று. அந்தப் பெயர் எங்கள் ஊர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவருக்கு இருக்கும். வேறு வீடுகளில் விசாரித்து, வயது ஒத்துவராமல், கடைசியாக எங்கள் வீட்டைக் காட்டி அனுப்பியிருக்கிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து பார்த்தால், வாசலில் ஒருவர் அரைக்கால் சட்டையும் ஷூவுமாக நிற்கிறார். நிறம் நம் நிறம், நிற்கிற தோரணை மட்டும் வெள்ளைக்காரத் தோரணை. அம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவழ்கிற வயதில் கொதிக்கிற கஞ்சிப் பானை சரிந்து, அந்தக் குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்ததாம். அந்தத் தழும்பை அம்மா தேடியிருக்கிறார். ஆனால் வந்தவரின் இரண்டு கால்களும் உழுது போட்ட கழனி மாதிரி இருந்தன. எது எப்போது பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அன்று சாப்பாடு முடிந்ததும் அம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்து, கூச்சத்தில் நெளிந்த அந்த ஆளின் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தழும்பாகத் தொட்டு, “இது இன்னாத்துல பட்டுச்சுன்னு கேளு நைனா” என்றார். ஐ.டி.ஐ.யில் படித்த என் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நான் கேட்டேன். அண்ணனின் விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் நாங்கள் அறிந்துகொண்டது இப்படித்தான்.

கணுக்கால் கீறல் சொந்த ஊர்க் குழுவில் ஆடியபோது பட்டது. அப்போது முன்வரிசையில் நின்று கோல் போடுகிறவராகத்தான் இருந்தாராம். இவன் ஓட்டம் போதாது, பின்னால் நின்று தடுக்கட்டும் என்று பயிற்சியாளர் தள்ளிவிட்டார். கெண்டைக்கால் சதையில் இருந்த தையல், பெரிய நகரத்துக் குழு அழைத்துக்கொண்ட பிறகு வந்தது. முட்டியில் இருந்த கோடு அறுவை சிகிச்சை. அது ஆறுவதற்குள் வேறொருவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார். நாட்டு அணிக்கு ஒரே ஒரு முறை கூப்பிட்டு, ஆட்டம் முடியும் வரை வெளியே உட்காரவைத்து அனுப்பிவிட்டார்கள். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வலது காலில், முழங்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கிக் கறுத்திருந்தது. அம்மாவின் கை அங்கே நின்றுவிட்டது. “கஞ்சி கொட்டினா இப்டித்தான்டா ஆவும்” என்று தனக்குத்தானே பேசுவது போலச் சொன்னார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம். அண்ணன் அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, இது எப்படி வந்தது என்று தனக்குத் தெரியாது என்றார்.

“தெரிலயாம்மா” என்றேன். அம்மா அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அவர் எங்கள் அண்ணன்.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நேராகவே கேட்டார். “அக்கா, இப்பல்லாம் எச்சில் எடுத்தே யாரு புள்ளன்னு சொல்லிட்றாங்க. ஒருவாட்டி பாத்துட்டா அப்பால பேஜாரு இல்ல.”

“என் ஊட்டு வாசல்ல வந்து நின்னவன எச்சி துப்பச் சொல்லுவியா? போ, போய் வேலயப் பாரு” என்று அம்மா வாயை அடைத்துவிட்டார். மனதுக்குள் எனக்கும் பார்த்துவிட்டால் தேவலை என்றுதான் இருந்தது. அம்மா ஏன் அவ்வளவு பிடிவாதமாக மறுக்கிறார் என்று அப்போது விளங்கவில்லை.

அதே மாமாதான் மறு வருடம் பொங்கலுக்கு அண்ணன் வந்தபோது, ஊர் முனையில் பெரிய பிளக்ஸ் வைத்தார். ‘நார்வே மண்ணில் கோல் மழை பொழிந்த எங்கள் சிங்கமே வருக’ என்று வாசகம். பக்கத்தில் மாமாவின் படம் அண்ணனின் படத்தைவிடப் பெரிதாக இருந்தது. நான் படித்துச் சொன்னதும் அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரிய குழுக்களில் ஆடிய காலமெல்லாம் அவர் போட்டது ஒரே ஒரு கோல், அதுவும் தவறுதலாகத் தன் பக்கத்து வலைக்குள்ளேயே போட்டது என்றார். பிளக்ஸைக் கழற்றவேண்டாம், அம்மா சந்தோஷமாகப் பார்க்கிறார் என்றும் சொன்னார்.

கோலே போடாதவருக்கு எதற்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் ஆலைக்குப் பின்னால் உள்ள காலி மனையில், மணிப்பூரிலிருந்து வந்து வேலை செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பந்து ஆடுவார்கள். அண்ணனையும் அழைத்துப்போனேன். அவர் அதிகம் ஓடவில்லை, பந்தைத் தொட்டதும் குறைவு. ஆனால் பந்து எங்கே வருமோ அங்கே முன்பே போய் நின்றார். ஆட்டம் முடிந்து அவர் என்ன செய்தார் என்று கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் நின்ற பக்கம் கோல் விழவில்லை, அவ்வளவுதான். ஆடியவர்கள் மட்டும் வரிசையாக வந்து அவர் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

அண்ணனின் குணம் பற்றி நான் பெரிதாக எழுத வேண்டியதில்லை, வந்தவர்களுக்கெல்லாம் தெரியும். பழவேற்காட்டு இறாலை ருசித்துச் சாப்பிடுவார். அம்மா நடவு பார்க்கப் போனால் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பார். ஒரு மொழியும் பொதுவாக இல்லாமல் இருவரும் சாயந்திரம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சில நேரம் பொறாமையாகவே இருக்கும்.

வயிற்றில் கட்டி என்று கேள்விப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. நார்வேயில், குளிர்காலத்தில், அங்கேயே அவர் மணந்துகொண்ட எங்கள் அண்ணியின் பக்கத்தில் அவர் உயிர் பிரிந்தது. அடக்கத்தை நாங்கள் போனில் பார்த்தோம். அங்கே யாரும் வாய்விட்டு அழவில்லை. அம்மா இங்கே அவர்களுக்கும் சேர்த்து அழுதார்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் அண்ணியோடு ஆங்கிலத்தில் பேசினேன். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அண்ணனை எப்படிச் சந்தித்தீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். பெரிய குழுவில் அவர் சேர்ந்த முதல் வருடம், பனியில் இறுகிக் கிடந்த செயற்கைப் புல்லில் சறுக்கிப் போய்ப் பந்தைத் தடுத்தாராம். வலது காலில் முழங்காலுக்குக் கீழே தீப்பட்டது போலத் தோல் உரிந்து சீழ் வைத்துவிட்டது. அதற்குத் தினமும் கட்டுப் போட்ட நர்ஸ் அண்ணிதான். அந்தத் தழும்புதான் தங்களைச் சேர்த்து வைத்தது என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்லுவாராம்.

அதை அவர் எப்படி மறந்திருப்பார்? வாழ்நாள் முழுக்கப் பந்தை வழிமறித்தே நின்றவர், அன்று தெரிந்தே வழிவிட்டிருக்கிறார். அம்மாவுக்காகவா, அம்மா வேண்டும் என்ற தனக்காகவா? கேட்க அவர் இல்லை.

போனை வைத்ததும், “இன்னாடா சொல்றா உன் அண்ணி?” என்றார் அம்மா.

“ஒன்னுமில்லம்மா. அங்க பனியாம்.”

“லெக்கு, நர்ஸு, பேண்டேஜுன்னு சொல்லினு இருந்தா. எனக்குத் தெரியாதா? கட்டு போட்டவளே அவதானா?”

மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கீரையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

“கொழந்தைக்குக் கஞ்சி கொட்டினது எடது கால்லடா. இவன் காட்டினது வலது காலு. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“அப்புறம் ஏம்மா அப்டி அழுத?”

“வேற இன்னா பண்ணச் சொல்ற? என் புள்ளயும் எங்கியோ ஒரு ஊருக்குப் போய், எவ ஊட்டு வாசல்லயோ நின்னிருப்பான். அவளும் காலப் பாத்துட்டு, நீ இல்ல போடான்னு சொல்லியிருந்தா?”

இத்தனை வருடங்கள் கழித்து அம்மாவுக்கு இடதும் வலதும் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்றும் ஒரு சந்தேகம். அதைக் கேட்கவில்லை. இதையெல்லாம் மலரில் எழுதலாமா என்று மட்டும் கேட்டேன். “எழுது. முதுகுக்குப் பின்னால பேசிக்கினு இருக்கறவங்க படிச்சுட்டுப் போவட்டும். மூத்த புள்ளன்னு போடு” என்றார்.

போடுகிறேன். எங்கள் அம்மாவின் மூத்த பிள்ளைக்கு இன்று முதலாண்டுப் படையல்.

அண்ணனைக் கடைசிவரை கைவிடாமல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், அவரை வளர்த்து ஆளாக்கிய அந்தப் பெற்றோருக்கும் எங்கள் நன்றி. அவரைத் தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்ட மணிப்பூர் நண்பர்களுக்கும், பிளக்ஸ் வைத்த மாமாவுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி. எங்கோ ஒரு வாசலில் எங்கள் அம்மாவின் பிள்ளை போய் நின்றிருந்தால், காலைப் பார்த்த பிறகும் அவரை உள்ளே அழைத்துச் சோறு போட்டிருக்கும், பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கும் நன்றி.